பழைய புத்தகமும் பழைய வரைபடமும்: யாழ்ப்பாணத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பழைய புத்தகம் சேர்க்க ஆசைப்படுகிற பலர் எடுத்த எடுப்பிலேயே உச்சாணிக் கொம்புக்குக் கை நீட்டுகிறார்கள். 1842இல் வந்த யாழ்ப்பாண அகராதியின் முதற்பதிப்பு வேண்டும், ஆறுமுக நாவலரே எழுதி அச்சிட்ட பெரியபுராண வசனம் வேண்டும், விறாந்தைச் சுவரில் மாட்ட ஒல்லாந்தர் கால வரைபடம் ஒன்றும் வேண்டும். கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அவை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. அசல் எது, நகல் எது என்று பிரிக்கத் தெரியாத நேரத்தில் வாங்கிவிட்டால் முதல் வாங்கலே கசந்துபோகும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது வேறு. யாரும் தேடாத மெல்லிய புத்தகங்களைத் தேடுங்கள். ஊர்க்கோயிலுக்குப் பாடிய திருவூஞ்சல், பதிகம், அந்தாதி, பழைய பஞ்சாங்கம், பள்ளிக்கூட ஆண்டு மலர், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்துக் கொடுத்த ‘கல்வெட்டு’ என்ற சிறுநூல். எல்லாம் பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம். அகராதி லண்டன் நூலகத்திலும் இருக்கும். உங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நூறு வருடத்துக்கு முன் ஒரு சட்டம்பியார் (ஊர் வாத்தியார்) பாடிய ஊஞ்சல் பாட்டு, இருந்தால் உங்கள் ஊரில் யாரோ ஒருவரின் பெட்டகத்துக்குள்தான் இருக்கும்.

எல்லை போடுவது

‘பழைய தமிழ்ப் புத்தகங்கள்’ என்று ஒருவர் சேர்க்கத் தொடங்கினால் இரண்டு வருடத்தில் வீடு நிறையும், சேகரிப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஓர் ஊர், ஓர் அச்சகம், ஒரு வகை நூல், ஒரு காலம் என்று ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். அச்சகத்தைப் பிடிப்பது நல்ல வழி என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்து அச்சு வரலாறு சின்ன நிலப்பரப்புக்குள் நடந்தது. சைக்கிளிலேயே சுற்றிவிடலாம்.

சுருக்கமாக: அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே வந்தது. அவர்களுடைய அச்சுக்கூடம் 1830களில் மானிப்பாயில் வேலை தொடங்கியது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும், அடுத்த வருடம் மானிப்பாய் அகராதி என்று பலர் சொல்லும் அந்த அகராதியும் மிஷன் அச்சில் வந்தவை. 1855இல் அச்சுக்கூடம் கைமாறியது. அதற்குப் பிறகு ‘ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங்’ என்றும், பின்னர் ‘ஸ்ட்ரோங் அன்ட் அஸ்பரி’ என்றும் பெயர் போட்டார்கள். சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் புளூட்டார்க் 1859இல் முதற் பெயரோடும், சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் 1886இல் இரண்டாவது பெயரோடும் வந்தன. ஆகவே வருடம் கிழிந்துபோன நூலாக இருந்தாலும் அச்சகப் பெயரே ஓரளவுக்குக் காலத்தைச் சொல்லிவிடும்.

மறுபக்கத்தில், சைவத் தரப்பில், நாவலர். 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார். அதே பெயரில் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார். அதனால் ‘வித்தியாநுபாலன’ என்று கண்டதும் யாழ்ப்பாண அச்சு என்று குதிக்க வேண்டாம், பக்கத்தில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியமும் 1887இல் கலித்தொகையும் பதிப்பித்தது சென்னை வாழ்க்கைக் காலத்தில். யாழ்ப்பாணத்தவர் நூல் வேறு, யாழ்ப்பாணத்தில் அச்சான நூல் வேறு. எதைச் சேர்க்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவெடுங்கள்.

அடுத்து வந்தவை ஊர் ஊராக முளைத்த யந்திரசாலைகள்: வண்ணார்பண்ணை சைவப்பிரகாசம், அச்சுவேலி ஞானப்பிரகாசம், கொக்குவில் சோதிடப்பிரகாசம், பருத்தித்துறை கலாநிதி, சுன்னாகம் திருமகள். பெரும்பாலான ஊஞ்சலும் பதிகமும் கல்வெட்டும் இப்படியான இடங்களில்தான் அச்சாகின. இதில் ஒன்றை எடுத்து, அங்கே அச்சான எதையும் விடாமல் தேடுவது ஒரு நல்ல தொடக்கம். செலவும் குறைவு.

முகப்புப் பக்கத்தை வாசிக்கப் பழகுங்கள்

இந்தக் கலையில் பாதி இதுதான். பழைய முகப்பில் ‘இஃது’ என்று ஆரம்பித்து ஒரே வாக்கியம் கீழே வரை இறங்கும். இன்னார் இயற்றியது, இன்னார் பரிசோதித்தது (அதாவது பார்த்துத் திருத்தியது), இன்னாரின் வேண்டுகோளின்படி, இன்னாரது யந்திரசாலையில் அச்சிற் பதிப்பிக்கப்பட்டது. அவசரத்தில் வாசித்தால் பெரிய எழுத்தில் உள்ள பெயரை ஆசிரியர் என்று எடுத்துக்கொள்வோம். அது காசு கொடுத்தவரின் பெயராக இருக்கும்! பாடியவரின் பெயர் சின்னதாக மேலே கிடக்கும். நான்கு பெயரையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். வேண்டுகோள் விடுத்தவர் யார் என்பதே சில வேளை நூலின் முக்கியச் செய்தி. கோயில் முகாமையாளராகவோ, மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்தவராகவோ இருப்பார்.

பிறகு வருடம். பெரும்பாலும் ௵ என்ற குறியோடு அறுபது வருடப் பெயர்களில் ஒன்று மட்டும்தான் இருக்கும். இதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. பிரபவ முதலாவது. அது 1867, 1927, 1987 ஆகிய வருடங்களில் சித்திரையில் தொடங்கியது. வீட்டுப் பஞ்சாங்கத்தில் அறுபது பெயரும் வரிசையாக இருக்கும். உங்கள் வருடத்தின் வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து, 1867உடனோ 1927உடனோ கூட்டுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ‘யுவ ௵ தை’ என்று போட்ட ஒரு திருவூஞ்சல், பத்துச் சதம் விலை, சுன்னாகம் திருமகள் அச்சு. யுவ ஒன்பதாவது. எட்டைக் கூட்டினால் 1875 அல்லது 1935. திருமகள் இருபதாம் நூற்றாண்டு அச்சகம், ஆகவே 1935. ஆனால் மாதம் தை. சித்திரையில் தொடங்கிய வருடத்தின் தை என்றால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த வருடம் வந்துவிட்டது. எனவே நூல் 1936 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவுக்குள் வந்தது. தை, மாசி, பங்குனி மூன்றிலும் இந்தச் சறுக்கலைக் கவனியுங்கள். நூலகப் பட்டியல்களிலேயே இந்த ஒரு வருடப் பிசகு நிறைய உண்டு.

சில நூல்களில் கலியப்தமோ சாலிவாகன சகாப்தமோ இருக்கும். கலியில் 3101ஐக் கழியுங்கள், சகத்தோடு 78ஐக் கூட்டுங்கள். நடப்பு ஆண்டா கழிந்த ஆண்டா என்ற குழப்பத்தில் ஒன்று முன்பின் ஆகலாம், வருடப் பெயரோடு ஒப்பிட்டால் சரியாகிவிடும். ௧௮௮௬ போன்ற தமிழ் எண்களை ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம்.

விலையும் ஒரு சாட்சி. இலங்கையில் ரூபாயும் சதமும் 1872இல் வந்தன. அதற்கு முன்னர் சிலிங், பென்ஸ் கணக்கு. சதத்தில் விலை போட்ட நூல் அதற்கு முந்தியது அல்ல.

ஒரு பொய்ச் சாட்சியும் உண்டு: எழுத்து வடிவம். துதிக்கை வைத்த பழைய லையையும் னையையும் கண்டதும் ‘நூறு வருடத்து நூல்’ என்று சொல்லி விற்பார்கள். அந்த வடிவம் தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும் வரை சாதாரணமாக இருந்தது, இங்கே அதற்குப் பின்னரும் கொஞ்சக் காலம் ஓடியது. என் வயதுக்காரர் பள்ளியில் படித்த பாடப்புத்தகத்திலும் அந்த லைதான். அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மறுபதிப்புகளிலும் கவனம் வேண்டும். டெல்லியின் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் இலங்கை பற்றிய பழைய ஆங்கில நூல்கள் பலவற்றை அப்படியே படியெடுத்து வெளியிட்டிருக்கிறது. இராசநாயக முதலியாரின் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய 1926 ஆங்கில நூலும் அதில் ஒன்று. முகப்பில் பழைய வருடம் அப்படியே இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் புது வருடம் தெரியும். வாசிப்பதற்கு அது போதும், நல்ல நூலும்கூட. பழைய விலை கொடுத்து வாங்குவதற்கு அல்ல.

இன்னும் தோண்ட விரும்புபவருக்கு ஒன்று. 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு இலங்கையில் அச்சான நூல்கள் பதிவாகின, பட்டியல்கள் அரசாங்க வர்த்தமானியில் வந்தன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வர்த்தமானிகளைப் பார்க்கலாம். உங்கள் அச்சகத்தின் பெயரைத் தேடிக் குறித்தால், எதையெல்லாம் தேட வேண்டும் என்று கையில் ஒரு பட்டியலே வந்துவிடும்.

எங்கே, எப்படிக் கேட்பது

புத்தகக் கடை கடைசி இடம். பழைய பேப்பர், போத்தல், இரும்பு வாங்க சைக்கிளிலும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலும் வருபவர்கள்தான் முதல் இடம். வீடு இடித்துக் கட்டும்போது, பெரியவர் ஒருவர் கண்ணை மூடிய பிறகு, அலுமாரி முழுவதும் கிலோக் கணக்கில் போவது அவர்களிடம். அவர்களில் ஒருவரைப் பழக்கம் பிடித்து, ‘அண்ணை, எழுத்து மங்கின பழைய புத்தகம் ஏதும் வந்தா எனக்கு எடுத்து வையுங்கோ, கிலோ விலையை விடக் கூடத் தாறன்’ என்று சொல்லிவைத்தால் போதும். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். அப்புறம் அவரே தேடி வருவார்.

சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் அடுத்தது. ஊரில் மூடிக்கிடக்கும் வாசிகசாலை அலுமாரியில் ஈழகேசரி ஆண்டு மடல் இருப்பதைப் பார்க்கலாம். வாங்கும் நினைப்போடு போகாதீர்கள், அது பொதுச் சொத்து. தலைவர், செயலாளரிடம் அனுமதி கேட்டுப் படம் பிடியுங்கள், தூசு தட்டிப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். அதற்கே ஊரில் உங்களை நம்பி நாலு வீடு திறக்கும்.

வீடுகளில் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பண்டிதர், தலைமையாசிரியர், ஐயர், நொத்தாரிசு, பரியாரி, இவர்கள் இருந்த வீடுகளில்தான் பழைய நூல் தங்கியிருக்கும். முதல் நாளே விலை பேசினால் கதவு சாத்தப்படும். ‘அம்மா, நான் வாங்க வரேல்லை, பார்க்கத்தான் வந்தனான்’ என்று தொடங்குங்கள். ‘அது என்ர மாமாவின்ர தம்பி, அவர் பாடின பாட்டெல்லாம் அதுக்குள்ள கிடக்கு’ என்று அவர் சொல்லத் தொடங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் புத்தகத்தில் எங்கும் இருக்காது. கொடுக்க மனமிருந்தால் அவரே சொல்வார். ‘இதுக்கு என்ன பெறுமதி?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். தெரியாத முதியவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டு இணையத்தில் பத்து மடங்குக்கு விற்பவர்களால்தான் சில ஊர்களில் ‘புத்தகம் பார்க்க வந்தோம்’ என்றாலே நாயை அவிழ்த்துவிடுகிறார்கள்.

1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் போன குடும்பங்கள் உறுதிப் பத்திரத்தை எடுத்தன, புத்தகத்தை விட்டுப் போயின. திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டு நூல்கள் இன்று யார் யாரிடமோ சுற்றுகின்றன. உள்ளட்டையில் பெயரும் ஊரும் எழுதியிருந்தால், அந்தக் குடும்பத்தை விசாரித்துப் பார்ப்பது உங்கள் கடமை என்று நான் நினைக்கிறேன். முத்திரை விடயத்தில் நான் இன்னும் கறாரானவன். பள்ளிக்கூட நூலக முத்திரை, கழக முத்திரை இருந்தால், கழித்து விட்டதற்கான அடையாளம் இல்லாமல் வாங்காதீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் முதலாம் திகதி இரவில் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அதற்கு முன் யாரோ இரவல் எடுத்துத் திருப்பிக் கொடுக்காத ஒரு நூல், அந்த முத்திரையோடு உங்கள் கைக்கு வந்தால், அதை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. நேரே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெளியே தேடுவதானால் கொழும்பில் மருதானைப் பக்கம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள் உண்டு. ஆங்கில நூலும் சிங்கள நூலும்தான் அதிகம், ஆனால் அடியில் தமிழ் கிடக்கும். சென்னை நடைபாதைக் கடைகளில் ஈழத்து அச்சு எப்போதாவது தலைகாட்டும். ஈபே, ஏப்புக்ஸ் போன்ற இணையத்தளங்களில் வரைபடம் பார்க்கலாம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள்.

காசு கொடுக்க முன்

மேசையில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். முகப்பு இருக்கிறதா, முன்னால் சாற்றுக்கவிகள் (நூலைப் பாராட்டும் பாக்கள்) உண்டா, கடைசியில் பிழைதிருத்தத் தாளும் அச்சக விளம்பரமும் உண்டா? அந்த விளம்பரத் தாளைக் குப்பை என்று கிழித்துவிடுவார்கள். உண்மையில் அதே அச்சகத்தில் வேறு என்னென்ன வந்தன என்று சொல்வது அதுதான். பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள். ஊசித் துளைகள் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகின்றனவா என்று பாருங்கள். தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அடிக்கடி வருவது ‘கூட்டுக்கட்டு’. ஒருவர் தன்னிடமிருந்த ஐந்தாறு சிறுநூல்களைச் சேர்த்து ஒரே கலிக்கோ அட்டையில் கட்டி வைத்திருப்பார். மேலே ஒரு நூலின் பெயர்தான் தெரியும், உள்ளே பஞ்சாங்கத் துண்டும், ஒரு கண்டன நூலும், அதற்கு மறுப்பும், ஓர் ஊஞ்சலும் கிடக்கும். கட்டைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் காசு கூடும். பிரிக்காதீர்கள். சைவ, கிறிஸ்தவக் கண்டனப் போர் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு வாசகர் எதை எதோடு சேர்த்து வாசித்தார் என்பதற்கு அந்தக் கட்டு ஒன்றுதான் சாட்சி.

ஏட்டுச் சுவடி யாராவது காட்டினால், தொடங்குபவர் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. எண்ணெய் போடுகிறேன், நூல் மாற்றுகிறேன் என்று கைவைத்துக் கெடுப்பது சுலபம். நூலக நிறுவனம் போன்று எண்ணிமப்படுத்துவோருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் வழிகாட்டிவிடுங்கள்.

வரைபடம்

யாழ்ப்பாணத்தைத் தனியாகக் காட்டும் பழைய ஐரோப்பிய வரைபடம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது பல்தேயுஸ் பாதிரியாரை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இங்கே போதகராக இருந்தவர். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிய அவருடைய பெருநூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் குடாநாடும் தீவுகளும் உள்ள படம் உண்டு, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை என்று ஊர்க் கோவிற்பற்றுத் தேவாலயங்களின் செதுக்குப் படங்களும் உண்டு. தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள்: காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டது.

இன்று சந்தையில் தனித்தாளாக வரும் பல்தேயுஸ் படங்கள் பெரும்பாலும் எப்போதோ நூலை உடைத்து எடுத்தவை. ஏற்கெனவே உடைந்ததை வாங்குவதில் தவறில்லை. முழு நூலை உடைக்கச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள்.

அசலா என்று பார்க்க ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு தொடர்ச்சியாக, மை கொஞ்சம் மேலெழும்பி இருந்தால் செப்புத்தகட்டு அச்சு. சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறினால் ஒப்செட் நகல். அடுத்து, படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகடு அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும், விரல் நுனிக்குத் தட்டுப்படும். ஓரத்தை வெட்டியிருந்தால் இந்த வடு போயிருக்கும், விலையும் குறைய வேண்டும். மூன்றாவதாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டின் கைத்தாளில் நெருக்கமான குறுக்குக் கோடுகளும் அவற்றை வெட்டும் இடைவெளிக் கோடுகளும் தெரியும், சில வேளை நீர்க்குறியும் இருக்கும். நூலில் மடித்து வைத்த படமாக இருந்தால் நடுவில் மடிப்பு இருக்கும். மடிப்பே இல்லாத, பளபளப்பான, சட்டம் போட்டுத் தயாராக இருக்கும் ‘அசல் 1672’ கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நிறமும் ஏமாற்றும். அசல் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அண்மையில் வர்ணம் தீட்டி அழகாக்கி விற்பது வழக்கம். பழைய பச்சை நிறம் பல வருடத்தில் தாளைத் தின்று பின்பக்கம் மண்ணிறமாகக் காட்டும். பின்பக்கத்தில் ஒரு சுவடும் இல்லாத பளிச்சென்ற பச்சையைச் சந்தேகியுங்கள்.

வருடம் போடாத படத்தைக் காலம் கணிப்பது இந்தப் பொழுதுபோக்கின் சுவையான பகுதி. உள்ளூர்க்காரருக்கு இதில் வெளியாரை விட வாய்ப்பு அதிகம். கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணம், ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். ஐந்து கொத்தளத்தோடு காட்டும் படம் 1658க்கு முந்தியதாக இருக்க முடியாது. புகையிரதப் பாதை காங்கேசன்துறையிலிருந்து தென்மராட்சிப் பக்கம் மட்டும் ஓடினால் 1902க்குப் பின், வன்னியூடாகத் தெற்கே தொடர்ந்தால் 1905 அளவில் அல்லது அதற்குப் பின். கிளிநொச்சி தனி மாவட்டமாக இருந்தால் 1984க்குப் பின். பழைய படத்தில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும் என்று நினைக்காதீர்கள், திசைகாட்டிப் பூவை முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் பருத்தித்துறையைத் தேடிக் கிழக்கே போனவர் மேற்கே நிற்பார்.

ஆனால் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரைபடம் பல்தேயுஸ் அல்ல. நில அளவைத் திணைக்களத்தின் ‘ஓர் அங்குலத் தாள்’. 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் தீவு முழுவதையும் தாள் தாளாக வரைந்தார்கள். பின்னாளில் 1:50,000 மெற்றிக் தாள்கள் வந்தன. பழைய யாழ்ப்பாணத் தாளில் குளம், கேணி, மடம், வண்டிப்பாதை, வெளி, தோட்டம் எல்லாம் குறியிட்டிருக்கும். இன்று தூர்ந்து வீடாகிவிட்ட குளம் எங்கே இருந்தது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம். ஓய்வுபெற்ற நில அளவையாளர்கள், கிராமசேவகர் வீடுகள், பழைய கட்டிட ஒப்பந்தக்காரரிடம் இவை கிடக்கும், பெரும்பாலும் அலுமாரித் தட்டுக்கு விரிப்பாக. உறுதியோடு சேர்ந்து வரும் காணிப் படங்களையும் தள்ளாதீர்கள். காணிப் பெயர்கள் அப்படியே இருக்கும், ஒல்லாந்தர் காலத் தோம்பில் (காணிப் பதிவேட்டில்) உள்ள பெயரோடு ஒத்துப்போவதும் உண்டு. ஆனால் நடப்பில் உள்ள உறுதியின் படத்தை உரிமையாளரிடமிருந்து பிரித்து எடுக்க வேண்டாம், படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பின்னால் வழக்கு இருக்கும்.

வாங்காமல் பார்ப்பதற்கு: ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம், ஒல்லாந்தக் கம்பனி காலத்துக் கையெழுத்து வரைபடங்களை இணையத்தில் விட்டிருக்கிறது. தெளிவான பிரதியை இறக்கி, பெரிதாக அச்சடித்து வீட்டில் மாட்டுங்கள். சுவர் ஆசையும் தீரும், வெயிலில் அசல் மங்குகிறதே என்ற கவலையும் இல்லை.

வைத்திருப்பது

யாழ்ப்பாணத்துக் காலநிலை எட்டு மாதம் நண்பன், நாலு மாதம் எதிரி. ஐப்பசி மழை தொடங்கியதும் பூஞ்சணம் வரும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், கால்களுக்குக் கீழே கறையானுக்குத் தடுப்பு வையுங்கள். புத்தகத்தைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி நல்லது, அமிலமில்லாத தாள் உறை கிடைத்தால் இன்னும் நல்லது. வேப்பிலையும் வசம்பும் பாட்டி காலத்து முறை. துணிப் பையில் போட்டுத் தட்டின் மூலையில் வையுங்கள், தாளுக்கு இடையில் வைத்தால் கறை பிடிக்கும்.

பூச்சி பிடித்த நூலை வெயிலில் போடாதீர்கள், தாள் முறுகும். காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி, −18 பாகைக்குப் போகும் ஃப்ரீஸரில் இரண்டு மூன்று கிழமை வையுங்கள். எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டு, பிறகு திறக்க வேண்டும். மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று வீட்டுக்காரி சொல்வார், அவர் சொல்வது சரி.

செலோடேப், கோந்து, லமினேற் மூன்றும் தடை. 1840களின் மிஷன் அச்சு நூல் கந்தல் கூழ்த் தாளில் இன்னும் வளைந்து கொடுக்கும். 1940களின் போர்க்காலத் தாள் விரல் பட்டால் ஒடியும். ஆகவே வயது குறைந்ததைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். நூலை மல்லாக்க அமுக்காமல், பாதி திறந்தபடி மேலிருந்து கைபேசியால் படம் பிடித்தாலே போதும். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவருகிறது. உங்கள் ஊஞ்சல் அங்கே இல்லையென்றால் கொடுங்கள்.

பதிவேடும் சட்டமும்

ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் எழுதுங்கள்: பெயர், ஆசிரியர், பரிசோதித்தவர், வேண்டுகோள் விடுத்தவர், அச்சகம், முகப்பில் உள்ளபடி வருடம், நீங்கள் கணித்த வருடம், பக்கம், குறை, யாரிடமிருந்து எந்த ஊரில் எப்போது வந்தது. நூலிலேயே எழுதுவதானால் பென்சில் மட்டும், உள்ளட்டையில் மட்டும். முந்தியவரின் கையெழுத்தை அழிக்காதீர்கள், அது கிறுக்கலாகவே இருந்தாலும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட எழுத்துகளும் படங்களும் தொல்பொருள் வரையறைக்குள் வரும், அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ‘ஒன்றைப் பெட்டிக்குள்ள வைத்துவிடு’ என்று கேட்டால், முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவருவதற்கும் அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, கையெழுத்துச் சுவடிக்கு 75 வருடம், மற்றவற்றுக்கு 100 வருடம் என்பது எல்லை.

கொப்பியைப் படம் பிடித்து வேறு ஊரில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். உங்களுக்குப் பிறகு சேகரிப்பு எந்த நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதை அதன் முதற்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லியும் வையுங்கள். சொல்லாவிட்டால் லான்ட்மாஸ்டர்க்காரர் வாசலில் நிற்பார்.